கேமரா வாங்கிக் கொடுத்தால் போதாதா?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் ஒளிபரப்பு ஊடகப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சின்ன வயதிலிருந்தே ரேடியோ, டிவி என்றால் எனக்கு உயிர். ஆனால் அப்பா, "டிவி பார்க்கிறவர்களே குறைந்துபோனார்கள். மூன்று வருடத்துக்குக் கட்டுகிற பணத்தில் நல்ல கேமராவும் கம்ப்யூட்டரும் வாங்கித் தருகிறேன், சொந்தமாகச் சேனல் ஆரம்பித்துக்கொள்" என்கிறார். எனக்கோ கேமரா முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கணக்கும் சுமார்தான். இந்தப் படிப்பு எனக்குச் சரிப்பட்டு வருமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள், அப்புறம் அவரிடம் பேசுவது சுலபம். கேமராவை இயக்குவது, காட்சிகளை வெட்டிச் சேர்ப்பது, நிறம் திருத்துவது எல்லாம் இன்று வீட்டில் உட்கார்ந்தே கற்றுக்கொள்ளக்கூடியவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்கள் சில, கல்லூரி வகுப்புகளைவிட நன்றாகவே இருக்கின்றன. எடிட்டிங் மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பதுதான் ஒரு துறையின் முக்கால்வாசி வேலை என்றால், அங்கே சேர வேண்டாம். நீங்கள் பட்டம் வாங்குவதற்குள் அந்தப் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும்.

அப்பாவால் வாங்கித் தர முடியாதது ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு, நேரலை செய்து பழகும் அறை அது. தனியாகச் சேனல் நடத்துபவர் பிடிக்காத இடத்தை அழித்துவிட்டு மறுபடி பேசலாம், வேலை முடியாவிட்டால் வீடியோவை நாளைக்குப் போடலாம். நேரலைச் செய்தியில் அதெல்லாம் நடக்காது. வாசிப்பவரின் காதில் ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டுடியோவுக்குள் நின்று சைகை காட்டும் ஃப்ளோர் மேனேஜர் விரல்களை மடக்கி எண்ணுகிறார். பேனலில், அதாவது கட்டுப்பாட்டு அறையில், இருப்பவர் "அடுத்தது இரண்டு... இரண்டு, கட்" என்று இரண்டாவது கேமராவுக்கு மாறச் சொல்கிறார். அந்த நொடியில் ஒலிக்காரர் மைக்கைத் திறக்க வேண்டும், கிராஃபிக்ஸில் இருப்பவர் பெயர்ப்பட்டையை ஏற்ற வேண்டும், வாசிக்க வேண்டிய வரிகளைக் காட்டும் டெலிப்ராம்ப்டர் ஓட வேண்டும். இதற்கு நடுவில் செய்தியறையிலிருந்து ஒருவர் வந்து மூன்றாவது செய்தியைத் தூக்கச் சொல்வார். யாராவது ஒரு நொடி பிந்தினால் அது வீட்டில் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். இது பாடம் படித்து வருகிற பழக்கம் இல்லை. இந்த வாரம் ஒலி, அடுத்த வாரம் கேமராவுக்குக் கேமரா படத்தை மாற்றும் சுவிட்சர், அதற்கடுத்து ஃப்ளோர் என்று இடம் மாறி மாறி உட்கார்ந்தால்தான் கைவரும். மற்றவரின் வேலை எவ்வளவு கடினம் என்பதும் அப்போதுதான் புரியும். மூன்று வருடத்தில் காசுக்குத் தகுந்த பகுதி எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

கணக்கைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பேனலில் தேவைப்படுவது பெரும்பாலும் நிமிடமும் நொடியும் கூட்டிக் கழிப்பதுதான், ஆனால் வேகமாக. செய்தி சரியாக 7:28:30க்கு முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடைபெறும் வரிகளுக்கு 20 நொடி. அதற்கு முன்னால் தலைப்புச் செய்திகளை மறுபடி சொல்ல 30 நொடி. அதற்கும் முன்னால் வானிலை, 1 நிமிடம் 40 நொடி. பின்னாலிருந்து கழித்துக்கொண்டே வந்தால், வானிலை 7:26:00க்குத் தொடங்கியாக வேண்டும். அதற்கு முந்தைய நேரலைப் பேட்டியில் விருந்தினர் நிறுத்தாமல் பேசுகிறார், மணி 7:26:40 ஆகிவிட்டது. இப்போது அந்த 40 நொடியை எங்கிருந்து எடுப்பது? தலைப்புச் செய்திகளை முழுவதுமாகத் தூக்கினாலும் பத்து நொடி குறைகிறது. அதை வானிலையில் பிடிக்கலாமா? அப்படியென்றால் வாசிப்பவரிடம் எந்த வரியை விடச் சொல்வது? கழித்தல் எளிது. எதை விடுவது என்ற முடிவுதான் வேலை. அதைப் பல தடவை எடுத்துப் பார்த்தவர்களுக்கே சம்பளம்.

கேமரா பயம் ஒரு காரணமே இல்லை. திரையில் ஒரு முகம் தெரிகிறதென்றால் அதற்குப் பின்னால் எத்தனை பேர் என்பதை மேலேயே பார்த்தோம். தயாரிப்பு, செய்தி எழுதுவது, படத்தொகுப்பு, ஒலி, தொழில்நுட்பம் என்று கேமரா பக்கமே திரும்பாமல் முழு வாழ்க்கையும் ஓட்டலாம். சொல்லப்போனால், 'திரையில் வர வேண்டும்' என்ற ஒரே ஆசையோடு சேருகிற மாணவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

ஒரு சிபாரிசு செய்யலாம் என்றால், ஒலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லாரும் கேமராவைச் சுற்றி நிற்பார்கள், மைக்கைத் தொட ஆள் இருக்காது. கொஞ்சம் மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், புரியாத பேச்சைப் பொறுக்க மாட்டார். இதற்குப் பின்னால் சுவையான விஷயங்கள் இருக்கின்றன. வாயசைவும் பேச்சும் பொருந்தாத வீடியோ பார்த்திருப்பீர்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றில் இதற்கு அளவே இருக்கிறது: ஒலி படத்தைவிடச் சுமார் 45 மில்லி நொடி முந்தினாலே மனிதர் கண்டுபிடித்துவிடுவார், பிந்தினால் சுமார் 125 மில்லி நொடி வரை தெரியாது. மின்னலுக்குப் பிறகு இடி என்பதற்குப் பழகிய காது நமக்கு, முந்தி வரும் ஒலிதான் உறுத்துகிறது.

இன்னொன்று, விளம்பரம் வந்ததும் சத்தம் தூக்கிப் போடுவது. அளவுகாட்டியில் உச்சத்தைத் தாண்டாமலே, முழு விளம்பரத்தையும் அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கும் வித்தை அது. அதனால்தான் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் ஆர் 128 என்ற பரிந்துரையைக் கொண்டுவந்தது. உச்சத்தை மட்டும் பார்க்காமல், காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை நிகழ்ச்சி முழுவதற்கும் சராசரியாக அளந்து, மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவில் வைக்கச் சொல்கிறது. இந்த மாதிரிச் சங்கதிகள் உங்களுக்குச் சுவாரசியமாகப் பட்டால் நீங்கள் சரியான படிப்பைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தூக்கம் வந்தால், செய்தி எழுதும் பக்கம் போங்கள். அதிலும் தவறில்லை.

வேலை? டிவி பார்ப்பவர்கள் குறைகிறார்கள் என்பது உண்மைதான், அப்பாவிடம் அதை மறுத்துப் பேச வேண்டாம். ஆனால் நேரலை செய்யத் தெரிந்த ஆள் டிவி நிலையத்துக்கு மட்டும் தேவைப்படவில்லை. விளையாட்டு, மாநாடுகள், இசை நிகழ்ச்சிகள், பாட்காஸ்ட் எல்லாவற்றுக்கும் அதே கைகள்தான் வேண்டும். தொழில்நுட்பப் பக்கம் பெரிய மாற்றமும் நடக்கிறது. ஸ்டுடியோவுக்குள் தனித்தனி கேபிளில் ஓடிய படமும் ஒலியும் கணினி வலையமைப்புக்கு மாறிக்கொண்டிருக்கின்றன, அதற்காகத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் (எஸ்எம்பிடிஇ) வகுத்த 2110 தரநிலைகள் 2017இல் வெளியாகத் தொடங்கின. வலையமைப்பும் ஒளிபரப்பும் இரண்டும் தெரிந்தவருக்கு நல்ல இடம் காத்திருக்கிறது. மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன்: தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கும், இரவு ஷிஃப்ட் வரும், ஊரே விடுமுறையில் இருக்கும் நாளில் நீங்கள் பேனலில் இருப்பீர்கள். இது ஒத்துவராது என்று தோன்றினால் இப்போதே விலகிக்கொள்வது நல்லது.

சரி, இடம் கிடைத்த துறை நல்ல துறையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையேட்டில் இருக்கும் பளபளப்பான ஸ்டுடியோ படத்தை நம்பாதீர்கள். ஒரு சாயங்காலம் நேரில் போங்கள். ஸ்டுடியோ பூட்டியிருக்கிறதா, உள்ளே மாணவர்கள் இருக்கிறார்களா? முதல் வருட மாணவரிடம், "கடைசியாக எப்போது உபகரணத்தைத் தொட்டீர்கள்?" என்று கேளுங்கள். 'இரண்டாம் வருடத்தில்தான் விடுவார்கள்' என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டும். மாணவர் வானொலியோ சேனலோ இருந்தால், அது குறித்த நேரத்தில் தவறாமல் வருகிறதா, ஆண்டு விழாவுக்கு மட்டும் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கருவி பழையதாக இருப்பது குறையே இல்லை. வாரம் தவறாமல் ஓடும் பழைய சுவிட்சர், உறை பிரிக்காத புதியதைவிட மேல். அவதூறு, காப்புரிமை, நீதிமன்றச் செய்தி பற்றிய சட்டப் பாடம் உண்டா என்றும் விசாரியுங்கள். மாணவர்கள் அதிகம் தூங்கும் வகுப்பு அதுதான், வேலைக்குப் போன பிறகு அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

துறை இதிலெல்லாம் தேறாவிட்டால், பொருளாதாரமோ சட்டமோ புள்ளியியலோ படித்துக்கொண்டே, மாணவர் வானொலி உருப்படியாக நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிடுங்கள். அந்த வழியில் வந்தவர்கள் செய்தியறைகளில் நிறையவே இருக்கிறார்கள். சொல்வதற்கு விஷயம் உள்ளவராக வருவது அவர்களுக்குக் கூடுதல் பலம். துறை தேறினாலும், விருப்பப் பாடமாக அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு தொடங்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். தினமும் பத்திரிகையில் ஒரு செய்தியை எடுத்து, 30 நொடியில் வாசிக்கிற அளவுக்குத் திருப்பி எழுதுங்கள். பத்திரிகைத் தமிழில் "சென்று, பார்வையிட்டு, ஆறுதல் கூறி, நிதி வழங்கி" என்று நீட்டிக்கொண்டே போய்க் கடைசியில்தான் வினைமுற்று வரும். கண்ணால் படிப்பவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார், காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. அதை மூன்று சின்ன வாக்கியமாக உடையுங்கள். 'யார் சொன்னது' என்பது முதலில் வரட்டும். 4,97,612 என்ற எண்ணைக் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் என்று சொல்லுங்கள். பிறகு ஃபோனில் பதிவு செய்து, உடனே கேட்காமல் மறுநாள் காலையில், ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள். எந்த இடத்தில் கவனம் நழுவுகிறதோ அந்த வரியை மட்டும் மாற்றி எழுதுங்கள்.