67 வயதில் முகச் சீரமைப்பு: எதைத் தேர்வது?

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 67. அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சில ஆண்டுகளாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் “உடம்பு சரியில்லையா, தூங்கவில்லையா” என்றே கேட்கிறார்கள். மேல் இமைகள் தொங்கிவிட்டன. கன்னம் ஒட்டிவிட்டது. தாடையின் இருபுறமும் சதை இறங்கியிருக்கிறது. கன்னத்தில் மங்கு வேறு. மங்குக்கு மருந்துக் கடையில் கொடுத்த ஒரு களிம்பை நெடுநாளாகப் பூசி வருகிறேன்.

ஐந்து மாதத்தில் பேத்தியின் திருமணம். மகள் என்னை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். நெற்றிக்குப் போட்டாக்ஸ், கன்னத்துக்கு ஃபில்லர், தாடைக்கு த்ரெட் லிஃப்ட், மங்குக்கு ஆறு முறை லேசர், நிறம் தெளிய குளுட்டாதயோன் ஊசி என்று ஒரு பேக்கேஜ் சொன்னார்கள். ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். மகனோ, இவ்வளவு செலவுக்குப் பேசாமல் ஃபேஸ்லிஃப்ட் அறுவை சிகிச்சையே செய்துவிடலாம் என்கிறான். பிபி மாத்திரையும் தினமும் ஆஸ்பிரினும் எடுக்கிறேன். சர்க்கரை இல்லை. பின்பற்களை எடுத்து வெகு நாளாயிற்று. பல்செட் உறுத்துவதால் விசேஷங்களுக்கு மட்டும் போட்டுக்கொள்வேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்ற கூச்சமும் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கூச்சத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. தலைக்குச் சாயம் பூசுவதையும் பல் கட்டுவதையும் இயல்பாக எடுத்துக்கொள்ளும் நாம், இமையைச் சரிசெய்ய நினைப்பவரை மட்டும் ஏளனமாகப் பார்ப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடுவோம். உங்களுக்குச் சொல்லப்பட்ட பேக்கேஜ் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. என் கணிப்பில் அதில் பாதி உங்களுக்குத் தேவையற்றது, ஒன்று உங்களுக்குக் கெடுதல் செய்யக்கூடியது.

முகம் மூப்படைவது ஓரிடத்தில் மட்டும் நடப்பதில்லை. மேல்தோலில் வெயில் சேர்த்த கறையும் சுருக்கமும் தெரிகின்றன. அதற்கடியில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் குறைந்து தோல் மெலிகிறது, பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் முதல் சில ஆண்டுகளில் இது வேகமாகவே நடக்கிறது. இன்னும் கீழே கொழுப்புத் திட்டுகள் சில இடங்களில் வற்றி, சில இடங்களில் கீழே சரிகின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்தியிருந்த தசைநார்கள் தளர்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில், கண்குழியின் விளிம்பும் மேல்தாடையும் கீழ்த்தாடையும் எலும்பளவிலேயே கரைகின்றன. ஒவ்வொரு சிகிச்சையும் இவற்றில் ஏதோ ஓர் அடுக்கில்தான் வேலை செய்யும். போட்டாக்ஸ் தசையின் இயக்கத்தைக் குறைக்கும், தொங்கும் தோலைத் தூக்காது. ஃபில்லர் குழியை நிரப்பும், சரிந்ததை மேலே ஏற்றாது. லேசர் தோலைத் தொடும், தாடையைத் தொடாது. எந்த அடுக்கில் குறை என்று பார்க்காமல் முகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சிகிச்சை என்று பிரித்துக் கொடுப்பது விற்பனைக்கு வசதியான முறையே தவிர மருத்துவ முறை அல்ல.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு கைக்கண்ணாடியை முகத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள். புவியீர்ப்பு சதையைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும் அந்த நிலையில் தாடையோரம் தெளிவாகத் தெரிந்தால், அங்கே உங்கள் குறை சரிவுதான். படுத்த நிலையிலும் கன்னம் குழிந்தே இருந்தால் அது உள்ளேயுள்ள கொழுப்பும் எலும்பும் குறைந்ததன் விளைவு. இரண்டும் கலந்திருப்பதே பெரும்பாலும் வழக்கம். ஆனால் எது மிகுதி என்பது தெரிந்தாலே பேக்கேஜில் இரண்டு வரிகளை அடித்துவிடலாம்.

இனி நெற்றிக்குச் சொன்ன போட்டாக்ஸ். நான் கெடுதல் என்று குறிப்பிட்டது இதைத்தான். மருந்தின் மீது எனக்குப் புகார் இல்லை. மாறுகண்ணையும் கண்ணிமைத் துடிப்பையும் குணப்படுத்த அமெரிக்காவில் 1989-ல் அனுமதிக்கப்பட்டு, கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸும் தோல் மருத்துவர் அலஸ்டர் கருதர்ஸும் புருவ இடைச் சுருக்கங்களுக்குப் பயன்படுத்தி 1992-ல் கட்டுரை வெளியிட்டு, 2002-ல் அந்தச் சுருக்கங்களுக்கும் அனுமதி பெற்ற மருந்து அது. அளவறிந்து போடுகிறவர் கையில் பெரும்பாலும் பாதுகாப்பானது. ஆனால் மேல் இமை தொங்குகிறவர்கள், பார்வையை மறைக்கும் அந்தத் தோலை விலக்க, தம்மை அறியாமலே நாள் முழுவதும் நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். நெற்றியின் குறுக்குக் கோடுகளில் பெரும்பகுதி அந்த உழைப்பின் தடம். அந்தத் தசையைச் செயலிழக்கச் செய்தால் கோடு மறையும். கூடவே புருவம் இறங்கும், இமை இன்னும் தாழும், மூன்று நான்கு மாதங்களுக்கு நீங்கள் இப்போதைவிடக் களைத்தவராகத் தெரிவீர்கள், படிப்பதும் சிரமமாகும். திருமணத்தையொட்டிப் போட்டுக்கொண்டால், திருமணப் படங்கள் எல்லாம் அந்த நான்கு மாதத்துக்குள் எடுக்கப்பட்டுவிடும்.

இதையும் நீங்களே பார்க்கலாம். கண்ணாடி முன் உட்கார்ந்து, கண்ணை மூடி, நெற்றியைத் தளர்த்தி, புருவம் மேலே எழாதபடி விரல்களால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்து பாருங்கள். மேல்பார்வை மறைந்தால் உங்களுக்குத் தேவையானது மேல் இமை அறுவை சிகிச்சையாக இருக்கலாம். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, இமை மடிப்பில் உபரித் தோலை எடுத்துத் தைக்கும் இந்தச் சிகிச்சை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். தழும்பு மடிப்புக்குள் மறையும். வீக்கமும் கன்றலும் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தழும்பின் சிவப்பு தணிய மேலும் சில வாரங்கள் ஆகும். “தூங்கவில்லையா” என்ற கேள்வியை நிறுத்த, இந்தப் பட்டியலில் இதற்கு இணையான வேறொன்று இல்லை. கிளினிக்கில் இதை யாருமே சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அங்கே அறுவை அரங்கு இல்லாதது காரணமாக இருக்கலாம்.

ஆனால் முதலில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தொங்குவது தோலா, இமையைத் தூக்கும் தசையின் தளர்வா என்பதை அவர்தான் பிரித்துச் சொல்ல முடியும், இரண்டுக்கும் அறுவை வேறு. கண் வறட்சி இருந்தால் தோலைக் குறைவாகவே எடுக்க வேண்டும். மாலையானால் இமை மிகவும் தாழ்கிறது, பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றன என்றால் மயஸ்தீனியா என்ற நரம்பு-தசை நோயா என்று பார்க்க வேண்டும். அந்நோய் உள்ளவர்களுக்குப் போட்டாக்ஸ் ஆபத்து. இமைகள் கனத்து முகம் உப்பியிருந்தால் தைராய்டு குறைவையும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

அடுத்து உங்கள் கன்னம். நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய பல்செட் பற்றிய வரியே எனக்கு முக்கியமாகப் பட்டது. பற்கள் போனால், அவற்றைத் தாங்கியிருந்த தாடையெலும்பு ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது. உள்ளிருந்து கன்னத்தையும் உதட்டையும் தாங்க எதுவும் இருப்பதில்லை. மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையிலான உயரம் குறைந்து முகத்தின் கீழ்ப்பகுதி சுருங்குகிறது, வாயோரக் கோடுகள் ஆழமாகின்றன, தாடையோரச் சதையும் கூடுதலாகத் தெரிகிறது. இதை வெளியிலிருந்து ஃபில்லரால் சரிசெய்ய முயல்வது, தூண் சாய்ந்த பந்தலுக்குத் துணியை இழுத்துக் கட்டுவதைப் போன்றது. உறுத்தாத, சரியான உயரத்தில் அமைந்த பல்செட்டையோ, எலும்பு போதுமான அளவில் இருந்தால் அதில் பதிக்கும் இம்ப்ளான்ட் மீது பொருத்தும் பற்களையோ முதலில் செய்துகொள்ளுங்கள். செலவு வேறுபடும் என்றாலும் இரண்டிலும் நன்றாகச் சாப்பிடவும் முடியும், அந்த லாபம் ஃபில்லரில் கிடையாது. பல்செட்டைத் தினமும் அணிந்து சில வாரங்கள் பழகியபின் கண்ணாடியைப் பாருங்கள், ஃபில்லர் தேவையா என்பது அப்போதுதான் தெரியும்.

அப்போதும் தேவை என்று பட்டால், ஹைலுரானிக் அமில ஃபில்லர் மட்டும் போதும், அதுவும் கொஞ்சமாக. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டு வரை தாங்கும், பிடிக்காவிட்டால் ஹைலுரானிடேஸ் ஊசியால் கரைத்துவிடலாம். நிரந்தர ஃபில்லர் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள், அவற்றைக் கரைக்க வழியில்லை. சரிவைத் தூக்குவதற்கென்று அளவை ஏற்றிக்கொண்டே போனால் முகம் இளமையாகாது, கனத்து உப்பித்தான் தெரியும். அரிதான ஆனால் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு. ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையும் போகலாம். ஆகவே கரைக்கும் மருந்து கையிருப்பில் இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்த மருத்துவர் அந்த நேரத்தில் அங்கே இருப்பாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

த்ரெட் லிஃப்ட் உங்களுக்கு வேண்டாம். கரையும் நூலால் தோலுக்கடியில் இழுத்துப் பிடிக்கும் முறை அது. தளர்ச்சி குறைவாக உள்ள நாற்பதுகளின் முகத்துக்கே சில மாதங்கள்தான் தாங்குகிறது. குளுட்டாதயோன் ஊசிக்கும் நிறம் வெளுப்பதற்கும் நம்பத்தக்க சான்று இல்லை, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தோல் வெளுக்கும் ஊசிகளுக்கு எதிராக எச்சரித்தும் இருக்கிறது. சிவப்பாக வேண்டும் என்று நீங்கள் கேட்கவும் இல்லை.

மங்குக்கு வருவோம். நம் தோலில் எந்தச் சூடும் எந்தப் புண்ணும் கறுத்த தடமாக மாறக்கூடும் என்பதால், லேசரை மங்குக்கு முதல் சிகிச்சையாக நான் பரிந்துரைப்பதில்லை. மங்கு கறுத்தே திரும்புவதுண்டு, திருமணத்துக்கு முன் அந்தச் சோதனை வேண்டாம். அமிலம் பூசித் தோலை உரிக்கும் ஆழமான கெமிக்கல் பீலுக்கும் இதுவே பதில். நீங்கள் பூசும் களிம்பின் உறையை முதலில் படித்துப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் வெளுத்ததுபோல் காட்டி, பிறகு தோலை மெலிய வைத்து, சிவப்பையும் பருவையும் முடியையும் கொண்டுவரும். இந்தக் கொடுமை பெருகியதால்தான் இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று 2018-ல் இந்திய அரசு விதித்தது. விதி கடைவரை வந்து சேரவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஒரேயடியாக நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கக்கூடும் என்பதால் தோல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

தோலுக்கு நான் நம்புகிறவை இரண்டு, இரண்டும் பேக்கேஜில் இல்லை. ஒன்று சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 903 பேரை நான்கரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், தினமும் பூசியவர்களின் தோல் மூப்பு, விருப்பம்போல் பூசியவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2013-ல் வெளியானது. அவர்கள் 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், தோலும் வெள்ளை. ஆயினும் மங்கு உள்ள நம்மவர்களுக்குச் சன்ஸ்கிரீனை வேறு காரணத்தாலும் வற்புறுத்துகிறேன். கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட மங்கைத் தூண்டும், இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் அதையும் ஓரளவு தடுக்கும். மற்றொன்று ட்ரெட்டினாயின் களிம்பு. முகப்பருவுக்கு வந்த இம்மருந்து வெயிலால் மூத்த தோலையும் திருத்துகிறது என்று பிலடெல்பியாவின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் 1986-ல் எழுதினார். ஸ்டீராய்டின் பாதிப்பு தணிந்தபின், மருத்துவர் சொன்னால், 0.025 விழுக்காட்டுக் களிம்பைப் பட்டாணி அளவு, வாரம் இரண்டு இரவுகள் மட்டும் பூசித் தொடங்கலாம். அவசரப்பட்டுத் தினமும் பூசினால் எரிச்சல் வந்து அந்த எரிச்சலே கறுப்பாகும். பலன் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும்.

உங்கள் மகன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. தாடையோரமும் கழுத்தும் தளர்ந்த முகத்தை உண்மையில் தூக்குவது ஃபேஸ்லிஃப்ட் மட்டுமே. 1970-களில் ஸ்வீடனின் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் ஸ்கூக் தோலை மட்டும் இழுப்பதை விட்டு அடியிலுள்ள உறையையும் சேர்த்து நகர்த்திக் காட்டியதிலிருந்து, பலன் பல ஆண்டுகள் நிற்கிறது, இழுத்துக் கட்டிய தோற்றமும் குறைந்திருக்கிறது. 67 வயது அதற்குத் தடையல்ல. தடையாக வரக்கூடியவை ரத்த அழுத்தமும் ஆஸ்பிரினும். அறுவைக்குப் பிந்தைய முதல் 24 மணி நேரத்தில் தோலுக்கடியில் ரத்தம் தேங்குவதே அடிக்கடி வரும் சிக்கல், கட்டுப்படாத பிபி அதைத் தூண்டுகிறது. ஆஸ்பிரினை எதற்காகக் கொடுத்தார்கள் என்பது முக்கியம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததற்காகவோ பக்கவாதத்துக்குப் பிறகோ என்றால், ஒரு முக அழகுக்காக அதை நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். இமை அறுவைக்கும் இதே கேள்வி எழும். இதய மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் ஒருநாள்கூட நீங்களாக நிறுத்த வேண்டாம். காது குத்திய இடத்தில் எப்போதாவது தழும்பு கட்டிபோல் வளர்ந்திருந்தால் அதையும் அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள், ஃபேஸ்லிஃப்ட்டின் தையல் காதைச் சுற்றித்தான் வருகிறது.

காலம் ஐந்து மாதம்தான் இருப்பதால் நான் வைக்கும் வரிசை இது. இந்த வாரம் பல் மருத்துவரும் கண் மருத்துவரும். களிம்பைப் பற்றித் தோல் மருத்துவர். இமை அறுவை முடிவானால் அடுத்த ஒன்றரை மாதத்துக்குள் செய்துவிடுங்கள், அதற்குமேல் தள்ளினால் திருமணம் கழியட்டும். ஃபேஸ்லிஃப்ட் வேண்டும் என்றால் அது கட்டாயம் திருமணத்துக்குப் பிறகுதான். வீக்கம் முழுதும் வடியவும், காதோர உணர்ச்சி திரும்பவும் மாதங்கள் ஆகும். அதைப் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். பட்டம் பெற்றவரிடம், மயக்க மருத்துவரும் இரவு தங்கும் வசதியும் உள்ள மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள். காப்பீடு இதற்குப் பணம் தராது. கிளினிக்கின் முன்பணத்தை இப்போது கட்ட வேண்டாம், கண் மருத்துவர் எழுதித் தருவதை எனக்கும் அனுப்புங்கள்.