பிக்கும் பெடலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளாக எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். ட்யூனர், கோரஸ், டிலே, ரிவர்ப், இரண்டு ஓவர்டிரைவ் என்று ஆறு பெடல்கள் (காலால் மிதித்து இயக்கும் பெட்டிகள்) இருக்கின்றன. ஆனாலும் வேகமான லீட் (தனித்தனி ஸ்வரங்களாக வாசிக்கும்) பகுதிகளில் ஸ்வரங்கள் குழம்பிவிடுகின்றன. ஒவ்வொரு அடியிலும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வேறு. மூன்றாவதாக எந்த ஓவர்டிரைவ் வாங்கலாம்? பெடல்களை எந்த வரிசையில் வைப்பது? ஸ்ட்ரிங்கை மீட்டும் சிறு துண்டான பிக் விஷயத்தில் எனக்குத் தனி விருப்பம் எதுவும் இல்லை. 0.46 மி.மீ. பிக் ஒரு பாக்கெட் இருக்கிறது, அதிலேயே வாசிக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

பிக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. வரிசையை முதலில் முடித்துவிடுகிறேன்: ட்யூனர், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவர்ப். எதிரொலி தரும் டிலேக்குப் பிறகு ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவை வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து கரகரக்கும். மூன்றாவது ஓவர்டிரைவ் வேண்டாம். இருக்கும் இரண்டிலும் ஒன்றைக் கழற்றி வையுங்கள்.

ஆறு பெடல்களைத் தேடித்தேடி வாங்கிய நீங்கள், ஸ்ட்ரிங்கைத் தொடுகிற பொருளைப் பற்றி ‘விருப்பம் எதுவும் இல்லை’ என்று எப்படி எழுதினீர்கள்? குயீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர். துளியும் வளையாத உலோகம், வரி வரியாக வெட்டிய விளிம்பு. ஆங்கிலேய ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் பிக்கையே விட்டுவிட்டு விரல்களுக்கு மாறினார். இருவர் ஒலியும் அந்தத் தேர்விலிருந்து தொடங்குகிறது. நீங்கள் தேர்வே செய்யவில்லை.

0.46 பிக் கெட்டது அல்ல. அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆறு ஸ்ட்ரிங்கையும் சேர்த்து ஸ்ட்ரம் செய்ய அருமையானது. லீடுக்கு அது ஆகாது. ஸ்ட்ரிங்கில் பட்டதும் முதலில் பிக் வளைகிறது, பிறகுதான் ஸ்ட்ரிங் விடுபடுகிறது. கை அடுத்த அடிக்குத் திரும்பும்போது பிக் இன்னும் நிமிர்ந்திருக்காது. ஸ்வரங்கள் குழம்புவது இதனால்தான். வளைந்த பிளாஸ்டிக் படபடப்பதுதான் உங்கள் ‘டிக்’. ஓவர்டிரைவ் பெரிய ஒலியை அழுத்தி, சின்ன ஒலியை மேலே தூக்கும். அதனால் பெடலைக் கூட்டக் கூட்ட அந்த ‘டிக்’தான் வளரும்.

0.73, 0.88, 1.0 என்று மூன்று தடிமன்களில் ஒவ்வொன்று வாங்குங்கள். டன்லப் நிறுவனத்தின் டார்டெக்ஸ் பிக் என்றால் மஞ்சள், பச்சை, நீலம். எல்லாப் பெடலையும் அணைத்து, ஆம்ப்பைக் கிளீனில் (கரகரப்பில்லாமல்) வைத்து, தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 பீட்டில் ஓட்டி, மூன்றாவது ஸ்ட்ரிங்கில் பீட்டுக்கு நான்கு அடி, மேலும் கீழும் மாற்றி மாற்றி. ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு நிமிடம். மேலடியும் கீழடியும் எதில் ஒரே அளவாகக் கேட்கின்றனவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். 1.5-க்கு மேல் இப்போது போகாதீர்கள். ஓங்கி அடிக்கும் கையில் அது ஸ்ட்ரிங்கை அதிகம் இழுத்து, ஸ்வரத்தையே ஒரு கணம் மேலேற்றிவிடும்.

பிடிப்பையும் சொல்லியாக வேண்டும். மடங்கிய ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் பிக்கை வைத்து மேலே கட்டைவிரல். முனை மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் ஸ்ட்ரிங்கில் சிக்கும். வியர்வையில் பிக் சுழலும்போது எல்லோரும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். முன்கை விறைத்துப்போய் வேகமும் போய்விடும். இறுக்காதீர்கள். கட்டைவிரல் படும் இடத்தில் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள், நழுவாது. பிக் ஸ்ட்ரிங்குக்குச் சரியாக இணையாக இருந்தால் தடுக்கும். 20, 30 டிகிரி சாய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். இன்னும் சாய்த்தால் தடித்த ஸ்ட்ரிங்குகளில் உரசல் கேட்கும்.

முனை ஒருபக்கமாகத் தேய்ந்த பிக்கை வைத்துக்கொண்டு ஆம்ப்பில் ட்ரெபிள் (உச்ச ஒலி) குமிழைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். 600 எண் உப்புத்தாளில் நான்கு இழுப்பு இழுத்தால் விளிம்பு பழையபடி ஆகிவிடும். இல்லையென்றால் புதியதை எடுங்கள், பெடல் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இரண்டு ஆண்டுகளாக விடாமல் வாசிக்கிறீர்கள், குழப்பத்தைக் காதால் கண்டுபிடித்தும் இருக்கிறீர்கள். அந்தக் காதை நம்புங்கள். புதிய பிக் கைக்குப் பழகியதும் ஒற்றை ஓவர்டிரைவை இணையுங்கள்: கெயின் (கரகரப்பு) கால் பங்கு, லெவல் (ஒலியளவு) முக்கால், டோன் நடுவில். ‘டிக்’ அப்போதும் கேட்டால் பிக்கின் முனை, ஸ்ட்ரிங்குகளின் அடியில் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் மூடியில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் இரு பக்கத்து ஸ்க்ரூவையும் திருகி அந்தப் பிக்கப்பைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.