நன்னெறிக் கல்வியும் உள்ளடக்கிய பள்ளியும் சமூகத்துக்கு எப்படி உதவுகின்றன?

நன்னெறிக் கல்வி என்பது நேர்மை, மரியாதை, பொறுப்பு போன்றவற்றைப் பழக்கமாக்குவது. உள்ளடக்கிய பள்ளி என்றால், திறனோ வசதியோ உடல்நிலையோ எப்படியிருந்தாலும் பிள்ளைகளை ஒதுக்காமல் சேர்த்துப் படிக்க வைப்பது. இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறோம்? குணம் தனியாக உட்கார்ந்து வளராது. எதிரே இன்னொருவர் வேண்டும்.

தோசை ஊற்றுவதைப் போலத்தான். செய்முறையை எவ்வளவு விளக்கினாலும், நாலு தோசை கல்லில் ஒட்டிக் கிழிந்த பிறகே கை பழகும். திக்கிப் பேசும் நண்பன் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் அப்படித்தான். அதை மனப்பாடம் செய்ய முடியாது (தேர்வில் வேண்டுமானால் எழுதலாம்!).

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி நன்னெறிப் பாடம் பெரும்பாலும் தாய்மொழியில் நடக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தமிழில். வகுப்பறையைப் பெருக்குவதிலும் மாணவர்களுக்குப் பங்குண்டு. கட்டாயக் கல்விச் சட்டம் 2019 முதல் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. 2024இல் உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டில் சேர்ந்தவர்களிலிருந்து, தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்த விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் போய்விட்டன.

அப்புறம், சேர்ந்து படிப்பது என்றால் எல்லாருக்கும் ஒரே வேகம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒரே வகுப்பைச் சேர்ந்த இருவரில் ஒருவர் கணிதத்தை ஜி3 என்ற கடினமான நிலையிலும் மற்றவர் ஜி1 என்ற எளிய நிலையிலும் படிக்கலாம்.