வகுப்பறைக் கேள்விகள்: சென்னையில் காலை 10.30, ஜப்பானில் பகல் 2 மணி

கேள்வி: நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. அடுத்த செமஸ்டரில் ஜப்பானில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ‘கம்ப்யூட்டர் எதிக்ஸ்’ (கணினித் துறைக்கான அறநெறி) பாடத்தை ஆன்லைனில் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் மீடியம். வெளிநாட்டு மாணவர்கள் முன்னால் வாயைத் திறப்பார்களா என்று கவலையாக இருக்கிறது மேடம். எப்படி ஆரம்பிப்பது?
– பெயர் வேண்டாம், பல்லாவரம்

பதில்: இந்தக் கவலையை நானும் பட்டிருக்கிறேன் அம்மா. ஓய்வு பெறுவதற்கு முன் இரண்டு வருஷம் இதே மாதிரி வகுப்பு நடத்தினேன். முதல் நாள் என் பக்கம் 32 பேர், அந்தப் பக்கம் 20 பேர். “தனியுரிமை என்றால் என்ன?” என்று கேட்டேன். லேபில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. நம் பிள்ளைகளுக்குத்தான் இங்கிலீஷ் பயம் என்று நினைத்தேன். ஜப்பான் பேராசிரியரிடம் பேசியபோதுதான் தெரிந்தது, அவர் பிள்ளைகளுக்கும் அதே பயம். தப்பு என் கேள்வியில் இருந்தது. அகராதி அர்த்தம் கேட்டால் யார் பேசுவார்கள்?

அடுத்த வாரம் மாற்றினோம். அங்கே இருவர், இங்கே மூவர் அல்லது நால்வர் என்று ஒரு குழு. நேரலைக்கு மூன்று நாள் முன்னதாகவே ஒவ்வொருவரும் பத்து வரி எழுதிப் போட வேண்டும். எழுதியதைப் பார்த்துப் படித்தாலும் சரி. முதலில் தமிழில் எழுதிக்கொண்டு பிறகு மாற்றினாலும் சரி.

விவாதிக்கக் கொடுத்தது தெராக்-25. கனடாவில் தயாரான கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985 ஜூனிலிருந்து 1987 ஜனவரிக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 பேர் உடம்பில் அளவுக்கு மீறிய கதிர் பாய்ந்தது. சிலர் இறந்துபோனார்கள். முந்தைய மாடலில் தப்பு நடந்தால் தடுக்க மென்பொருளை நம்பாத தனிப் பாதுகாப்பு இருந்தது. இதில் அதை எடுத்துவிட்டார்கள். ஆபரேட்டர் தப்பாக அடித்ததை 8 விநாடிக்குள் வேகமாகத் திருத்தினால், திருத்தம் திரையில் தெரியும்; இயந்திரத்துக்குப் போய்ச் சேராது. ‘மால்ஃபங்ஷன் 54’ (கோளாறு 54) என்று மட்டும் வரும். அதற்குக் கையேட்டில் விளக்கம் கிடையாது. “என் உடம்பைப் பொசுக்கிவிட்டீர்கள்” என்று ஒரு நோயாளி சொன்னபோது, அதற்கு வாய்ப்பே இல்லை என்றுதான் பதில் வந்தது. இது நம் ஊரிலும் நடந்ததில்லை, அவர்கள் ஊரிலும் நடந்ததில்லை. அதனால் யாரும் தன் நாட்டுக்காகப் பரிந்து பேச வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு கேட்டேன்: “உங்கள் வீட்டில், மனுஷர் சொன்னதை விட்டுவிட்டு மெஷின் சொன்னதை நம்பிய சம்பவம் உண்டா?”

வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், எழுதியிருந்தாள். அவள் அம்மா ஓ.எம்.ஆரில் ஒரு அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஆசிட்டும் பினாயிலும் பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்துவிட்டது. கைரேகை மெஷின் எடுக்கவில்லை. எதிரே நின்றுகொண்டிருந்தவருக்கு ஆப்சென்ட் போட்டு அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். அதைப் படித்த ஜப்பான் மாணவன் ஒருவன் கேட்டான்: “இந்த மெஷினைத் தயாரித்தவர்கள் யாருடைய விரலை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள்?” அன்றைக்கு வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் எழுந்து போகவில்லை. இருபது வருஷம் தேர்வுக்கான ‘பார்ட் பி’ விடையாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அன்றுதான் நடத்தினேன் என்று தோன்றியது.

கணினித் துறையினரின் சர்வதேசச் சங்கமான ஏ.சி.எம். அமைப்பின் 2018 நெறிமுறையை அதற்கு அப்புறம் கொடுங்கள். தீங்கைத் தவிர்க்க வேண்டும் என்கிற வரியை அப்போது யாரும் வெறுமனே மனப்பாடம் செய்ய மாட்டார்கள், புரிந்துகொள்வார்கள்.

காலண்டரை இப்போதே பாருங்கள். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். கோடை விடுமுறை முடிந்து அடுத்த செமஸ்டர் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில், இல்லாவிட்டால் அக்டோபரில்தான். நமக்கோ நவம்பரில் தேர்வு நெருங்கிவிடும். நடுவில் தீபாவளி, மழை, கரன்ட் கட். ஐந்து வாரத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். நேரலையைக் காலை 10.30-க்கு வைத்தால் அங்கே பகல் 2 மணி, இரண்டு பக்கமும் வசதி. இன்டர்னல் மார்க்கில் இதற்கு ஒரு பங்கு உண்டு என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாவது வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

கேள்வி: இப்படி ஒரு கூட்டு வகுப்பில் நான் மாணவன். என் குழுவில் இருக்கும் நண்பன் தன் பகுதியை ஏ.ஐ-யிடம் எழுதி வாங்கி அப்படியே போட்டுவிடுகிறான். ஆசிரியரிடம் சொன்னால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா?
– மூன்றாம் ஆண்டு மாணவன், வியாசர்பாடி

பதில்: முதலில் அவனிடமே பேசுங்கள் தம்பி. எழுதியதை டீக்கடையில் உட்கார்ந்து தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் அதையே தன் வார்த்தையில் எழுதட்டும், கூட இருந்து உதவுங்கள். மாட்டேன் என்றால் அவனுக்குத் தெரியப்படுத்திவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் தாங்களே உட்கார்ந்து எழுதிவிட்டு, உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.