பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸைப் பார்ப்பது எப்படி?

கேள்வி: பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ் இருக்கிறதாமே, அவ்வளவு சிறியதை எப்படிப் படம் பிடிக்கிறார்கள்?

பதில்: ஆமாம், பேஜ் என்று பெயர். சாதாரண நுண்ணோக்கியில் சிக்காது, எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். இப்போதைய கிரையோ முறையில் (அதாவது உறைய வைத்துப் படம் பிடிக்கும் முறையில்) எனக்கு மிகவும் பிடித்தது உறைய வைக்கும் கட்டம்தான்: வைரஸ் கலந்த துளியைச் சின்னஞ்சிறு வலைத்தகட்டில் விட்டு, தாளால் ஒற்றி மெல்லிய படலமாக்கி, கடுங்குளிரான திரவ ஈத்தேனில் சடாரென முக்குகிறார்கள், பனிப்படிகம் உருவாக நேரமே கிடைக்காததால் நீர் கண்ணாடிபோல உறைந்து, வைரஸ் உருக்குலையாமல் நிற்கிறது. தனிப்படம் மங்கலாகத்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றுசேர்த்தால் முப்பரிமாண வடிவம் தெளியும். இந்த முறையை வளர்த்த டுபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவருக்கும் 2017 வேதியியல் நோபல் கிடைத்தது, தகுதியான பரிசு. அப்புறம், ஈ.கோலை என்ற பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற பேஜின் வாலைச் சுற்றியுள்ள உறை சுருங்கி, அதனுள் இருக்கும் குழாய் பாக்டீரியாவின் உறைக்குள் இறங்குவதையும் இப்படித்தான் விவரமாகப் பார்த்தார்கள்.