எடை குறைக்கும் சத்திரசிகிச்சையும் இரண்டாவது பிள்ளையும்

கேள்வி: அன்ரி, எனக்கு 31 வயது. பரந்தனில் இருக்கிறோம். உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 104 கிலோ. எட்டு வயதில் ஒரு மகன். அவன் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சீனி வருத்தம் வந்தது. சிசேரியன் செய்து 4.2 கிலோவில் எடுத்தார்கள். இப்போது அவன் 46 கிலோ. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஆசை. ஆனால் மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை, சூலகத்தில் நீர்க்கட்டி என்றார்கள். கொழும்பில் பார்த்த டொக்டர், முதலில் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்யலாம் என்கிறார். மாமி, “வயிற்றை வெட்டினால் பிள்ளை தங்காது, தங்கினாலும் நோஞ்சானாகத்தான் பிறக்கும்” என்கிறார். கனடாவில் இருக்கும் அக்கா, “செய்துவிடு, அடுத்த பிள்ளையாவது மகனைப்போல் குண்டாகாமல் பிறக்கும்” என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தங்கச்சி, முதலில் “பிள்ளை தங்காது” என்ற பயத்தை விடுங்கள். எடை இறங்க இறங்க, நீர்க்கட்டி உள்ள பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வந்துவிடும். எதிர்பாராத மாதத்தில் பிள்ளை தங்கிவிடும். எனக்கு அதுதான் கவலை. சத்திரசிகிச்சை செய்த பிறகு குறைந்தது ஓராண்டு, முடிந்தால் ஒன்றரை ஆண்டு, கர்ப்பம் தரிக்கக் கூடாது. அந்த மாதங்களில் நீங்கள் கோப்பையில் பாதிகூடச் சாப்பிட மாட்டீர்கள், உடம்பு வேகமாகக் கரையும். அந்த நேரத்தில் உருவாகும் கரு, பட்டினி கிடக்கும் வயிற்றில் வளரும் கரு.

பட்டினி கருவை என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே நான் கண்ணால் கண்டேன். 2009 பங்குனியில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் தறப்பாளுக்குள் இருந்தோம். நான் மருத்துவிச்சியாக வேலை பார்த்த பகுதிக் கர்ப்பிணிகளின் கிளினிக் காட்டுகளைச் சொப்பிங் பையில் கட்டி இடுப்பில் வைத்திருந்தேன். தேங்காய்ப்பால்கூட விடாத கஞ்சிதான் அந்தப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் காலையும் இரவும். பிறகு செட்டிகுளம் முகாமில் தராசு கிடைத்தது. பத்து மாதமும் நிறைந்து பிறந்த ஒரு பெண்பிள்ளையை அதில் வைத்தேன். 1.9 கிலோ. அவள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஒல்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மன் படைகள் உணவை மறித்தபோது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை, ஆராய்ச்சியாளர்கள் அவர்கள் முதிர்ந்தவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். வயிற்றுக்குள் பட்டினி கிடந்தவர்களுக்கு நடுவயதில் நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாக வந்தன. சோறு வராது என்று பழகிய கரு, கிடைப்பதைச் சேர்த்து வைக்கும் உடம்பாக வளர்கிறது என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

கூடினாலும் கேடுதான். உங்கள் மகன் வயிற்றில் இருந்தபோது உங்கள் இரத்தத்தில் ஏறிய சீனி தொப்புள்கொடி வழியாக அவனுக்கும் போனது. அதைச் சமாளிக்க அவனுடைய சதையி (கணையம்) இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்தது, கொழுப்புச் சேர்ந்தது. 4.2 கிலோவுக்கு அது ஒரு காரணம். அப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் உடற்பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்புக் கூட. இதற்காக உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், மற்றவர் சொல்லவும் விடாதீர்கள்.

சரி, சத்திரசிகிச்சை இதை மாற்றுமா? சுவீடனில் சத்திரசிகிச்சை செய்த பல நூறு தாய்மாரைப் பார்த்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அநேகமாக எல்லோரும் குடலைச் சுற்றி இணைக்கும் பைபாஸ் செய்தவர்கள். அதே பருமனில் இருந்து சத்திரசிகிச்சை செய்யாத தாய்மாரில் 6.8 வீதமானோருக்குக் கர்ப்பகால நீரிழிவு வந்தது. செய்தவர்களில் 1.9 வீதம்தான். அளவுக்கு மீறிப் பெரிதாகப் பிறந்த பிள்ளைகள் 22.4 வீதத்திலிருந்து 8.6 வீதமாகக் குறைந்தார்கள். ஆனால் கர்ப்பகாலத்துக்குரிய எடை இல்லாமல் சிறிதாகப் பிறந்தவர்கள் 7.6 வீதத்திலிருந்து 15.6 வீதமாகக் கூடினார்கள். மாமி ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை.

அக்கா சொல்வதற்கும் ஆதாரம் உண்டு, அதுவும் அவர் இருக்கும் கனடாவிலிருந்தே. கியூபெக்கில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் பிறந்தவர்களில் 35 வீதமானோருக்குக் கடும் பருமன், பின் பிறந்தவர்களில் 11 வீதமானோருக்கு. ஆனால் அது உங்களுக்குச் சொன்னதைவிடப் பெரிய, இப்போது அதிகம் செய்யாத சத்திரசிகிச்சை. சுவீடனில் இதேபோல் பிள்ளைகளை ஒப்பிட்டபோது அந்த நன்மை தெரியவில்லை. ஆகவே ‘பிள்ளை குண்டாகாது’ என்ற உறுதிக்காகக் கத்திக்குப் போக வேண்டாம். உங்கள் உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) கிட்டத்தட்ட 42. உங்கள் சீனிக்கும் பிரஷருக்கும் மூட்டுக்கும் இது நல்லது என்று டொக்டர் சொன்னால், அதற்காகச் செய்யுங்கள். என் மகள் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

செய்வதென்றால் சத்திரசிகிச்சைத் திகதிக்கு முன்பே உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம் (மருத்துவிச்சியிடம்) போய், கர்ப்பத்தடைக்காகக் கருப்பையில் வைக்கும் லூப் அல்லது கையில் தோலுக்கடியில் வைக்கும் ஜடெல் பற்றிக் கேளுங்கள். கர்ப்பத்தடைக் குளிசையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வாந்தி சாதாரணம், வாந்தியோடு குளிசையும் போய்விடும். விடாமல் வாந்தி எடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தியால் விற்றமின் பி1 குறைந்தால் அது மூளையையே தாக்கும்.

இரும்புச்சத்து, பி12, விற்றமின் டி, கல்சியம் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன் இரத்தம் சோதித்துக் குறையை நிரப்புங்கள். ஃபோலிக் அமிலத்தை எந்த அளவில் எடுப்பதென்று டொக்டரிடம் கேளுங்கள், உங்கள் எடைக்குச் சாதாரண அளவைவிடக் கூட்டி 5 மில்லிகிராம் தருவதுண்டு. பி12ஐ நான் அழுத்திச் சொல்கிறேன். தாயிடம் அது இல்லாவிட்டால் தாய்ப்பாலிலும் இருக்காது, பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அக்கா கனடாவிலிருந்து விற்றமின் போத்தல் அனுப்பினால் லேபலைக் காட்டுங்கள். விற்றமின் ஏ அதில் ரெற்றினோலாக இருந்தால் கருவுக்கு ஆகாது, பீற்றா கரோட்டினாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டில் முதலில் மீனோ முட்டையோ பயறோ, அப்புறம் கீரை, சோறு கடைசியில்தான். சின்ன இரைப்பையில் பிட்டும் சோறும் முதலில் போனால் இரணைமடு விராலுக்கு இடமிருக்காது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் உங்களுக்கு இனி வேண்டாம். முருகன் கோபிக்க மாட்டார், மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பிள்ளை தங்கியதும் முதல் கிளினிக்கிலேயே சத்திரசிகிச்சை செய்ததைச் சொல்லிப் பதிவேட்டில் எழுத வையுங்கள். மறைத்தால் சீனி சோதிக்க எல்லோருக்கும் தருவதுபோல் குளுக்கோஸ் கரைசல் குடிக்கத் தருவார்கள், அது உங்களை வியர்த்து மயங்க வைக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு கிழமை வீட்டில் விரல் குத்திச் சீனி பார்க்கலாம். பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க ஸ்கானும் அடிக்கடி வேண்டும். கடும் வயிற்றுவலி வந்தால் ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் மகன். கடிதத்தில் அவனுடைய எடையை எழுதினீர்கள், அவனைப் பற்றி வேறொன்றும் எழுதவில்லை. அவனுக்கு வேறு சமையல் வேண்டாம். நீங்கள் சாப்பிடப்போகும் அதே மீனும் கீரையும் வீட்டில் எல்லோருக்கும் இருக்கட்டும். சோடாப் போத்தலை வாங்குவதை நிறுத்துங்கள், பின்னேரத்தில் சைக்கிள் ஓட விடுங்கள். ‘அடுத்த பிள்ளையாவது’ என்று அக்கா சொன்னதை அவன் காதில் விழ விடாதீர்கள். அவனையும் ஒருநாள் ஆஸ்பத்திரியில் சிறுவர் கிளினிக்குக்குக் கூட்டிச்சென்று சீனியும் பிரஷரும் பாருங்கள். தராசில் ஏற்றும்போது எண்ணை உரத்துச் சொல்ல வேண்டாம் என்று அங்கே இருக்கும் மிஸ்ஸியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.