லாரி கேபின் உறுமல்: அளந்த தரவிலிருந்து சின்ன மாடல் – கேள்வி பதில்

கேள்வி (தண்டையார்பேட்டை): ஆறு சிலிண்டர் டிரெய்லர் அண்ணே. 1740 ஆர்பிஎம் வந்தா கேபின் காதை அடைக்குது. முழு கேபினையும் கம்ப்யூட்டர்ல வரையாம, அளந்தே ஒரு மாடல் செய்ய முடியுமா?

பதில்: முடியும். நாலு ஸ்ட்ரோக்கில் ஒரு சுற்றுக்கு 3 வெடிப்பு, ஆக 1740-இல் 87 ஹெர்ட்ஸ். உள் அகலம் 2 மீட்டர் என்றால் காற்றின் முதல் குறுக்கு மோடும் (கேபின் காற்று பக்கவாட்டில் இயல்பாக அதிரும் முறை) அங்கேதான் இருக்கும். நடு சீட்டில் தலையை வைத்துப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் அதேதான்.

ஓட்டுநர் காதருகே ஒரு மைக். கூரை, பின்சுவர், கதவுகளில் ஆக்சிலரோமீட்டர் (அதிர்வை அளக்கும் சென்சார்). கேபின் மவுண்ட் (கேபினைத் தாங்கும் இடம்) நாலிலும் ரப்பர் முனை சுத்தியலால் தட்டுங்கள், இடத்துக்கு 5 தட்டு. ஒவ்வொன்றும் 4 விநாடிப் பதிவு, அப்போதுதான் 0.25 ஹெர்ட்ஸ் நுணுக்கம் கிடைக்கும். டேம்பிங் (அதிர்வு அடங்கும் அளவு) 1 சதவீதம் என்றால் 87-இல் வரும் பீக்கின் (வரைபட உச்சியின்) அகலமே 1.7 ஹெர்ட்ஸ்தான்.

பிறகு மைக், ஆக்சிலரோமீட்டர் எல்லாவற்றுக்கும் பொதுவான அதிர்வெண், டேம்பிங் வைத்து, அளந்த கோட்டின் மேல் மாடலின் கோட்டைப் பொருத்துங்கள். தனித்தனியாகப் பொருத்தினால் ஒலிக்கும் தகட்டுக்கும் உள்ள பிணைப்பு தொலைந்துவிடும். 150 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள மோடுகளை விட்டாலும் அவற்றின் மிச்சப் பங்கை ஒரு உறுப்பாகச் சேருங்கள். இல்லையென்றால் பீக்குகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்கள் இடம் மாறும்.

கேள்வி (வியாசர்பாடி): 87 பக்கத்துல ரெண்டு பீக். ஒண்ணு போலியா?

பதில்: ஒரே தட்டில் மைக்கிலும் தகட்டிலும் இரண்டும் தெரிந்தால் நிஜம். தகடும் காற்றும் ஒரே அதிர்வெண்ணில் சந்தித்தால் அப்படித்தான் பிரியும்.

பல தட்டுகளின் தரவைச் சேர்த்த பிறகே இரண்டானால் கோளாறு அளவையில். காலை 28 டிகிரியில் காற்றின் மோடு 87.0 ஹெர்ட்ஸ்; வெயிலில் 38 ஆனால் 88.4. ஆக்சிலரோமீட்டரை இடம் மாற்றுவதும் இதையே செய்யும்: 20 செ.மீ. சதுர, 0.8 மி.மீ. எஃகுத் தகட்டின் நடுவில் 5 கிராம் ஏற்றினாலே அதிர்வெண் சுமார் 4 சதவீதம் இறங்கும். சென்சார் நிற்கட்டும், சுத்தியல் நகரட்டும்.

கேள்வி (எண்ணூர்): மவுண்ட்ல சுத்தியல் நுழைய இடமே இல்ல சார்.

பதில்: திருப்பி அளக்கலாம். காது இடத்தில் காற்று வெளியேற்றம் தெரிந்த ஒலிமூலம், மவுண்டில் ஆக்சிலரோமீட்டர். மவுண்ட் முடுக்கத்தை மூலத்தின் கன அளவு முடுக்கத்தால் வகுத்தால், விசைக்கு எவ்வளவு ஒலியழுத்தம் என்பது வந்துவிடும். குறியை மட்டும் கவனியுங்கள். அளவுத்திருத்தம் இல்லாத ஸ்பீக்கர் உதவாது.

கேள்வி (ராயபுரம்): 60 மோடு போட்டேன், கோட்டு மேல கோடு உக்காருது. ஓகேவா?

பதில்: இரைச்சலையும் சேர்த்தே பொருத்தியிருக்கிறீர்கள். எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும்போது நகராமல் நிற்பவற்றை மட்டும் வையுங்கள். டேம்பிங் எதிர்மறையானவற்றைத் தூக்கிப் போடுங்கள். ஒரு மவுண்டின் தரவைப் பொருத்தாமல் ஒதுக்கி வைத்து, மாடல் அதைச் சொல்கிறதா பாருங்கள். பீக்கில் 3 டெசிபலுக்குள் வந்தால் போதும்.